நான்காம் அத்தியாயம்: சம்பாதிப்பவரை இழந்த வீட்டுக் குழந்தைகள்

ஒரு குடும்பத்தில் சம்பாதித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று மறைந்துவிட்டால், அந்த வீட்டுக் குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றி உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூடிப் பேசும்போது பெரும்பாலும் முதலில் எழுகின்ற யோசனை, "பையனை எங்கேயாவது ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம், சோறும் படிப்பும் கிடைத்துவிடும்" என்பதுதான். இவ்விதம் சொல்லுகிறவர்களின் நல்லெண்ணத்தைப் பற்றிச் சந்தேகமில்லை. எனினும், தாயாரோ பாட்டியோ சிற்றப்பனோ அன்போடு வைத்துக்கொள்ளச் சித்தமாக இருக்கும்போது, வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையை வீட்டிலிருந்து பிரித்தனுப்புவது, தகப்பனை இழந்த குழந்தை தாயையும் இழக்கும்படி செய்வதாகும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். ஆகவே இந்த அத்தியாயத்தில், குழந்தை தன் வீட்டிலேயே இருந்து உண்டு, படித்து, வளர்வதற்கு நம்முடைய தமிழ்நாட்டில் இன்று என்னென்ன உதவிகள் உள்ளன என்பதையும், அவற்றை எந்தக் கிரமத்தில் கேட்டுப் பெற வேண்டும் என்பதையும் முதலில் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, விடுதியையும் இல்லத்தையும் பற்றிப் பிறகு சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முற்காலத்தில் வேறு வழி இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் மாகாணம் சென்னைதான். 1920-ஆம் ஆண்டின் அந்தச் சட்டமும், 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தோற்றுவித்த அவ்வை இல்லமும், போக்கிடமற்ற குழந்தைகளுக்கு ஒரு கூரையையாவது கொடுக்க வேண்டும் என்ற பெருங்கருணையிலிருந்து பிறந்தவை. அந்தக் கருணைக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் இன்றைய சட்டம், அதாவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பராமரிக்கும் முதற்பொறுப்பு அதன் குடும்பத்தையே சேரும் என்றும், இல்லத்தில் சேர்ப்பது மற்ற வழிகளெல்லாம் ஆராயப்பட்ட பின்னர் கைக்கொள்ளும் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் தன்னுடைய அடிப்படைக் கோட்பாடுகளிலேயே விதித்திருக்கிறது. பணக் கணக்கும் இதற்கு இணங்கவே அமைந்துள்ளது. மிஷன் வாத்சல்யா என்னும் திட்டத்தில், இல்லத்தில் வளரும் குழந்தையின் பராமரிப்புக்காக மாதம் 3,000 ரூபாயும், வீட்டில் வளரும் குழந்தைக்கு நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாயும் வகுக்கப்பட்டுள்ளன. இது பலருக்குத் தெரியாத காரணத்தால்தான், தாய்மார்கள் கண்ணீரோடு குழந்தைகளை விடுதி வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

இரண்டு உதவித்தொகைகள்

முதலாவது, இப்போது குறிப்பிட்ட நிதி ஆதரவு. மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்ளும் இந்த உதவி, விதவையான, விவாகரத்தான அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாயின் குழந்தைகளுக்கும், தாய் தகப்பன் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளர்பவர்களுக்கும், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயாலோ விபத்தாலோ செயலிழந்து கிடக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும், வேலைத்தலத்திலிருந்தோ பால்ய விவாகத்திலிருந்தோ தெருவிலிருந்தோ மீட்கப்பட்டவர்களுக்கும் உரியது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் இது முறையே 6,000 ரூபாயும் 8,000 ரூபாயும் ஆகிறது. குழந்தை ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை.

இரண்டாவது, தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய 'அன்புக் கரங்கள்'. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க இயலாத நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கும், பதினெட்டு வயது முடியும் வரையில் மாதம் 2,000 ரூபாய் வழங்குவது இதன் ஏற்பாடு. ஒரே குழந்தைக்காக இரண்டு இடங்களில் மனுச் செய்ய நேர்ந்தால், முன்னரே என்ன உதவி பெறுகிறோம் அல்லது எதற்கு மனுச் செய்திருக்கிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது. மறைத்துப் பெற்ற உதவி பின்னால் விசாரணையில் வெளிப்பட்டால், அந்தத் தாயாரின் சொல்லுக்கே மதிப்பில்லாமல் போய்விடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நிதி ஆதரவுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் நிதி ஒதுக்கீட்டின் எல்லை உண்டு. ஆகையால் தகுதி இருந்தும் காத்திருக்க நேரலாம். உதவி செய்யப் போகிறவர் அந்த வீட்டில் போய், "அடுத்த மாதமே பணம் வந்துவிடும்" என்று வாக்களிக்க வேண்டாம். துக்கத்தில் இருப்பவர்கள் அப்படிப்பட்ட வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கடன் வாங்கிவிடுவார்கள்.

சான்றிதழ்களின் வரிசை

என்னுடைய அநுபவத்தில், தகுதி இல்லாமையால் நின்றுபோகும் மனுக்களைவிடச் சான்றிதழ் இல்லாமையால் நின்றுபோகும் மனுக்களே அதிகம். அதிலும், ஒரு சான்றிதழைப் பெற மற்றொன்று தேவைப்படுகிறபடியால், வரிசை தப்பிப் புறப்பட்டவர்கள் ஒரே அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியவர்களாகிறார்கள். கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இறப்புச் சான்றிதழ். மரணம் நிகழ்ந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமோ சிரமமோ இல்லை. முப்பது நாட்களுக்குள் தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேலே ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே பதிவாகிவிடும். வீட்டிலோ வயலிலோ வழியிலோ இறந்தவர்களின் விஷயத்தில்தான் பதிவு செய்ய மறந்துபோகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்து போவதற்குள், யாராவது ஒருவர் மெல்லத் தனியே அழைத்து, "பதிவு செய்தாகிவிட்டதா?" என்று கேட்டுவிட வேண்டும். அந்த நாளைத் தாண்டியும் ஐந்து நாட்கள் மிச்சம் இருக்கின்றன. சான்றிதழ் கைக்கு வந்தவுடன், இறந்தவரின் பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் குழந்தையின் பள்ளிப் பதிவேட்டிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் உடனே திருத்திக்கொள்வது எளிது. இரண்டு வருஷம் கழித்துத் திருத்துவது மிகவும் கடினம்.

இறப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும். அதை வட்டாட்சியர் வழங்குவார். ஆதரவற்ற விதவைச் சான்றிதழைக் கோட்டாட்சியர் வழங்குவார். இவை இரண்டுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழைப் பொறுத்து ஓர் எச்சரிக்கை அவசியம்: இறந்தவர் உயிரோடிருந்தபோது பெற்ற பழைய சான்றிதழைக் கொடுத்துவிடக் கூடாது, புதிதாக விசாரிக்க வரும் கிராம நிர்வாக அலுவலரிடம், இறந்தவருடைய சம்பாத்தியம் நின்றுபோனதையும், இப்போது தாயாரின் கூலி ஒன்றே குடும்பத்தின் ஜீவனம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக எழுதப்பட்டுவிட்டால், தகுதியுள்ள குடும்பம் எல்லைக்கு வெளியே போய்விடும்.

இவற்றோடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று, குழந்தையும் தாயாரும் அல்லது காப்பாளரும் சேர்ந்து வைத்துள்ள வங்கிக் கணக்கின் முதற்பக்க நகல், இருவருடைய புகைப்படங்கள் ஆகியவை வேண்டும். எல்லாவற்றிலும் மூன்று நகல்கள் எடுத்து ஓர் உறையில் போட்டு வைத்துவிட்டால், இதே காகிதங்களைக் கொண்டு தாயாருக்குரிய ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கும் மனுச் செய்யலாம். அந்த ஓய்வூதியம் இப்போது மாதம் 1,200 ரூபாய். இறந்தவர் கட்டடத் தொழிலாளியாகவோ வேறு அமைப்புசாராத் தொழிலாளியாகவோ இருந்து நலவாரிய அட்டை வைத்திருந்தாரா என்பதையும் பெட்டியைத் திறந்து தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அட்டையின் பேரில் இழப்பீடும் குழந்தைகளுக்குக் கல்வி உதவியும் உண்டு என்பதை அறியாமலே பல குடும்பங்கள் அதைக் குப்பையில் போட்டிருக்கின்றன.

இறக்கவில்லை, ஆனால் வீட்டில் இல்லை

மேலே சொன்ன வழி, துக்கம் நிச்சயமான வீட்டுக்கு உரியது. அதைவிடக் கடினமானது, தகப்பன் எங்கோ போய்விட்ட வீட்டின் நிலை. அவர் இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாது. சில வேளை தெரிந்தும், வேறு ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டும், கேட்பதற்கு வலுவில்லாமல் இருப்பார்கள். இறப்புச் சான்றிதழ் இல்லாதபடியால் வாரிசுச் சான்றிதழும் இல்லை, விதவைச் சான்றிதழும் இல்லை; ஆனால் பசி மட்டும் மற்ற வீட்டைப் போலவே இருக்கிறது. இப்படிப்பட்ட தாய்மார்கள், "எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது" என்று தாங்களே தீர்மானித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறான எண்ணம். கைவிடப்பட்ட தாயின் குழந்தைக்கும் நிதி ஆதரவு உண்டு என்று திட்டத்தின் விதிகளே சொல்லுகின்றன.

இங்கே செய்ய வேண்டியவை இரண்டு. கணவன் காணாமற்போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அது பதிவான ரசீதையோ முதல் தகவல் அறிக்கையின் நகலையோ பெற்றுக்கொள்ள வேண்டும். விட்டுச் சென்றிருந்தால், கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழுக்கு வருவாய்த் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்வதற்குப் பெண்கள் கூசுகிறார்கள், "நாளைக்குத் திரும்பி வந்தால் என்ன சொல்வார்?" என்ற அச்சமும், ஊர் வாய்க்குப் பயந்த மானமும் அவர்களைத் தடுக்கின்றன. அவர்களை வற்புறுத்துவதைவிட, புகார் கொடுப்பது கணவனைத் தண்டிப்பதற்காக அன்று, குழந்தையின் பேரில் ஒரு பதிவை உண்டாக்குவதற்காகவே என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, காவல் நிலையத்துக்கு உடன் போய்வருவதே பெரிய உபகாரம். தகப்பன் குடியால் உடல் கெட்டுப் படுத்துவிட்ட வீடாயின், அரசு மருத்துவரின் சான்று இறப்புச் சான்றிதழின் ஸ்தானத்தில் நிற்கும். பெற்றோர் செயலிழந்த குடும்பம் என்ற வகையில் மனுவை எழுத வேண்டும்.

மனுவைக் கொண்டுபோகும் இடம்

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அலுவலகம் ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் இடத்தைக் காட்டுவார்கள். மனுவை அங்கே கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அலகின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். குழந்தைகள் நலக் குழுவின் பரிந்துரையோடு அது மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள ஒப்புதல் குழுவுக்குச் செல்லும். பல மாதங்களாகியும் பதில் வராவிட்டால், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், ஒப்புகையின் நகலை இணைத்து மறுபடியும் ஒரு மனுக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பது அதிகாரிகளைப் பகைத்துக்கொள்வதாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த நாள் ஏற்பட்டிருப்பதே அதற்காகத்தான்.

குழந்தைகள் நலக் குழுவின் பெயரைக் கேட்டாலே, குழந்தையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கிராமத்தில் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழு அது. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். மாதத்தில் குறைந்தது இருபது நாட்கள் கூட வேண்டும் என்பது சட்டம். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு. எனினும் குழந்தையின் நன்மையே அதன் வேலை என்பதையும், தாயோடு இருக்க விரும்பும் குழந்தையைக் காரணமின்றிப் பிரிப்பது சட்டத்தின் நோக்கமன்று என்பதையும் தாயாருக்கு முன்னதாகவே விளக்கிவிட வேண்டும். குழுவின் முன்பு அஞ்சாமல் பேசக் குழந்தையையும் பழக்க வேண்டும். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் பண்ணிக் கொடுக்கக் கூடாது.

உடன் போகிறவர் தாயாருக்காகப் பேசத் தொடங்கிவிடாமல், அவரையே பேச விட வேண்டும். இன்னுமொரு விஷயத்தையும் இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: தர்மஸ்தாபனங்கள் சில, நோட்டுப் புத்தகமும் துணியும் கொடுக்கும் விழாக்களில், தகப்பனற்ற குழந்தைகளை மேடையில் வரிசையாக நிறுத்திப் பெயர் சொல்லிப் படம் எடுத்துப் பிரசுரிக்கின்றன. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகாத காரியம். ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு விலையாக ஒரு குழந்தையின் மானத்தை வாங்கக் கூடாது.

காத்திருக்க முடியாத நேரங்கள்

இதுவரை சொன்னவை மாதக் கணக்கில் நடப்பவை. குழந்தை அடித்துத் துன்புறுத்தப்படுகிறது, பிச்சையெடுக்க வைக்கப்படுகிறது, பேருந்து நிலையத்தில் தனியே நிற்கிறது, கொத்தடிமையாக அனுப்பப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் அந்த வழிகளுக்கு நேரமில்லை. இரவும் பகலும் கட்டணமின்றி இயங்கும் 1098 என்ற எண்ணை அழைக்க வேண்டும். துணையின்றிக் கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது சட்டப்படி கடமை. குழு கூடாத நேரமாயினும் அதன் தனி உறுப்பினர் ஒருவரிடம் குழந்தையைக் கொண்டு சேர்க்கலாம். பாலியல் வன்முறையாக இருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப கௌரவம் என்றோ, ஊரிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்றோ அதை மூடி வைப்பது குற்றம்.

உண்மையிலேயே வீடு என்று ஒன்று இல்லாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு உறவினர் வீடு, பிறகு குழு அனுமதிக்கும் வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பம், அதற்கும் பிறகே இல்லம் என்ற வரிசையில் யோசிக்க வேண்டும். இல்லத்தில் சேர்த்தால், அது இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று அலகில் கேட்டறிந்து, குழுவின் உத்தரவோடுதான் சேர்க்க வேண்டும். உறவினர்கள் தவறாமல் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

பிறந்த குழந்தையை வளர்க்க இயலாத தாயாருக்கு, 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. குழுவின் முன்பு ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசமும் உண்டு. "நல்ல இடத்தில் கொடுக்கிறேன்" என்று வருகிற இடைத்தரகர்களை அண்டவிடாதீர்கள். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம்.

பள்ளிக்கூடமும் பதினெட்டாவது வயதும்

துக்கம் நடந்த வீட்டில் தாயார் பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குப் போய்விடுவது சகஜம். அங்கே மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த உறுதியைத் தந்திருக்கிறது. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவும், 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கன்வாடியும், அந்தந்த இடத்தில் பெயர் இருந்தால் தாமாகவே கிடைப்பவை. ஆசிரியர்களுக்கு என்னுடைய விண்ணப்பம் ஒன்று உண்டு: தகப்பனை இழந்த மாணவன் தொடர்ந்து சில நாட்கள் வராவிட்டால், பதிவேட்டில் குறித்துவிட்டு இருந்துவிடாமல், யாரையாவது அனுப்பி விசாரியுங்கள். பையன் பட்டறையிலோ பேக்கரியிலோ இருப்பான். பெண்ணாயின் மாமன் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும். பதினெட்டு வயது நிறையாத பெண்ணின் விவாகத்தைத் தடுக்க மாவட்ட சமூக நல அலுவலருக்கு அதிகாரம் உண்டு.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள் கல்லூரிக்கோ தொழிற்கல்விக்கோ சென்றால், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரியிலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டாவது பிறந்த நாள் பெரிய கண்டமாக வருகிறது. அன்றைக்கு வெளியே வந்தால் போய் நிற்பதற்கு ஒரு திண்ணைகூட அவர்களுக்கு இருப்பதில்லை. அவர்களுக்கென்று பிற்காப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. 21 வயது வரையிலும், அவசியமானால் 23 வரையிலும், மாதம் 4,000 ரூபாய் உதவியோடு படிப்பையோ தொழிற்பயிற்சியையோ தொடரலாம். நீங்கள் அறிந்த பிள்ளை யாரேனும் ஓர் இல்லத்தில் வளர்ந்துகொண்டிருந்தால், பதினெட்டு நிறையும் வரையில் காத்திராமல், பதினேழரை வயதிலேயே பாதுகாப்பு அலகில் பிற்காப்புக்கான மனுவைக் கொடுத்து, ஒப்புகையையும் பெற்று, அந்தப் பிள்ளையின் கையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.